ரோஜா, வாசல், ஜன்னல், தெரு, கொடி: ப்ரோதி யானோஷின் பாட்டுத் தொழில்

ஹங்கேரியில் குழந்தைகளின் பிறந்தநாளன்று ஒலிக்கும் பாட்டு ஒன்று உண்டு. நாடக நடிகை ஹலாஸ் யுதித் பாடியது. அரசின் இசைத்தட்டு நிறுவனமே வெளியிட்டு, பிறகு அதுவே கடைகளிலிருந்து திரும்பப் பெற்ற 1973-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இன்னொரு பாட்டு. பாடியவர் கொன்ட்ஸ் ஜுஜா. 1983 ஆகஸ்ட் 18 அன்று புடாபெஸ்ட் நகரப் பூங்காவின் மேடு ஒன்றில் அரங்கேறி நாட்டையே பேச வைத்த ராக் ஓபரா மூன்றாவது. மூன்றுக்கும் வரி எழுதியவர் ஒருவர்தான்: ப்ரோதி யானோஷ். 1946 ஏப்ரல் 5 அன்று புடாபெஸ்டில் பிறந்தவர். (ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள். ப்ரோதி குடும்பப் பெயர். யானோஷ் இவருடைய பெயர்.)

அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தணிக்கையை எதிர்த்தவர் என்ற ஒற்றைக் கோட்டில் நிறுத்திவிடுகிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் தடையை எதிர்த்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் எழுதியதெல்லாம் இன்று பாடப்படவில்லை. ப்ரோதியின் வரிகள் நின்றதற்குக் காரணம் அவருடைய கைத்தொழில். குழந்தைக்குத் தெரிந்த சொல்லுக்கு மேல் ஒரு சொல் போடாமல், பாரத்தை மட்டும் இடம் மாற்றி வைக்கும் தொழில் அது. பாட்டு எழுதுகிறவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

மெட்டும் மொழியும் மோதும் இடம்

1960-களின் தொடக்கத்தில் புடாபெஸ்ட் இளைஞர் குழுக்கள் பாடியவை பெரும்பாலும் இங்கிலாந்துப் பாட்டுகள். வானொலியில் கேட்டு, பாதி புரிந்தும் புரியாமலும் அப்படியே பாடுவார்கள். அந்த இசையில் ஹங்கேரியச் சொற்களை உட்கார வைப்பது எளிதில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ளத் தமிழ்க்காரர்களுக்கு அதிக நேரம் பிடிக்காது.

ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில்தான். விதிவிலக்கு கிடையாது. அதே சமயம் நம்மைப் போலவே குறில், நெடில் வேறுபாடும் கறாராக உண்டு. நெடிலைக் குறுக்கினால் பொருளே மாறும். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. 'பூ' என்பதற்கான சொல் 'விராக்'. அழுத்தம் 'வி'யில், நீளம் 'ரா'வில். மேலை மெட்டில் அழுத்தம் விழும் இடத்தில்தான் பெரும்பாலும் நீண்ட சுரமும் இருக்கும். அங்கே இந்தச் சொல்லை வைத்தால் 'வீ-ரக்' என்று கேட்கும்; ஹங்கேரியக் காதுக்கு அது வெளிநாட்டான் பேச்சு. நாட்டுப்புறப் பாடகர்கள் இதற்கு என்றோ வழி கண்டிருந்தார்கள். குட்டையான, ஆனால் அடித்துச் சொல்லும் முதல் சுரம். உடனே நீண்ட இரண்டாவது சுரம். இசையமைப்பாளர் பார்தோக் விரித்து எழுதிய ஹங்கேரியத் தாளக் குணங்களில் இது முக்கியமானது. அசையின் நீளத்துக்கு ஏற்பத் தாளம் தன்னை வளைத்துக்கொள்ளும்.

இன்னொரு சிக்கல், இங்கிலாந்து மெட்டுகளில் பல தாளத்துக்கு முன்னால் ஓர் அசை எடுத்துத் தொடங்குபவை. நம் பாஷையில் சொன்னால் அதீதம் மாதிரியான எடுப்பு. அந்த முன்னசையில் ஹங்கேரியப் பெயர்ச்சொல்லை வைத்தால் முதல் அசை அடி வாங்காமல் நொண்டும். வழி என்ன? அழுத்தம் கேட்காத சிறு சொற்களை அங்கே வைப்பது: பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சுட்டு, 'ஆல்', 'உம்' போன்ற பொருள் தரும் இணைப்புகள். கனமான சொல் தாளத்தில் விழும். ப்ரோதியின் வரிகளை எண்ணிப் பார்த்தால், இந்தச் சிறு சொற்களைத் தேவைக்கு மேல் ஒன்றும் சேர்க்காத சிக்கனம் தெரியும். இடத்தை நிரப்ப 'ஓ', 'ஆ' போடுகிற பழக்கம் அவரிடம் மிகக் குறைவு.

தத்தகாரத்துக்கு எழுதுகிறவர்கள் இதை நேராக எடுத்துக்கொள்ளலாம். மெட்டில் எந்தச் சுரம் நீளம், எந்தச் சுரம் அடி என்று இரண்டு தனிக் குறிகள் போட்டுக்கொள்ளுங்கள். நீளக் குறியில் நெடில். அடிக் குறியில் பொருள் சுமக்கும் சொல். தமிழில் பொதுவாக நீளத்தை மட்டும் பார்ப்போம். அடியைக் கவனிக்காததால்தான் பல பாட்டுகளில் 'ஆனால்', 'அந்த', 'என்று' போன்றவை தாளத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

ஒரே கடை, ஒரே வானொலி

1964-ல் ப்ரோதி இல்லேஷ் என்ற இசைக்குழுவில் சேர்ந்தார். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் மாணவர். அடுத்த ஆண்டு லெவென்தெ, ஸபோல்ச் என்ற ஸொரேன்யி சகோதரர்கள் வந்தார்கள். இல்லேஷ் லயோஷ் விசைப்பலகை, பாஸ்தோரி ஸோல்தான் தாளம். பேர் வாங்கிய ஐவர் அணி இதுதான். மெட்டு பெரும்பாலும் ஸொரேன்யி லெவென்தெ, வரி பெரும்பாலும் ப்ரோதி. நாட்டுப்புற மெட்டையும் ராக் இசையையும் இழைத்து, சொந்த மொழியில் சொந்தப் பாட்டு என்று உறுதியாக நின்ற முதல் அணிகளில் இது ஒன்று. 1966-ல் தொலைக்காட்சியில் தொடங்கிய நடனப்பாட்டுத் திருவிழா இவர்களை நாடறியச் செய்தது. 1968 திருவிழாவில் 'நான் சின்னப் பையனாக இருந்தபோது' என்ற பொருளில் தொடங்கும் பாட்டு பரிசு வாங்கியது.

அன்றைய கம்யூனிஸ்ட் ஆட்சியின் அமைப்பு எப்படி வேலை செய்தது என்று தெரியாமல் அந்த வரிகளைப் படிப்பதில் பயனில்லை. நாட்டில் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றே ஒன்று, அரசுடையது. வானொலியும் ஒன்றுதான். மேடை நிகழ்ச்சிகளை நடத்த ஓர் அரசு அலுவலகம். பாட்டு வரிகளைப் பார்த்து அனுமதிக்கக் குழுக்கள். கலாச்சாரக் கொள்கைக்கு அட்சேல் ஜியோர்ஜ் பொறுப்பு. எல்லாப் படைப்பும் மூன்று கூடைகளில் ஒன்றில் விழும்: ஆதரிக்கப்படுவது, பொறுத்துக்கொள்ளப்படுவது, தடுக்கப்படுவது. எழுதப்பட்ட தணிக்கைச் சட்டப் பட்டியல் எதுவும் கையில் கிடையாது. நேற்றுப் பொறுத்துக்கொண்டது நாளை தடுக்கப்படலாம். நடுக்கூடைதான் பெரிது, ப்ரோதியின் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த நடுக்கூடையில்தான் கழிந்தது.

இல்லேஷ் குழுவின் முதல் முழு இசைத்தட்டு வந்தது 1969-ல். அதற்குள் நாட்டின் பெரிய குழு என்று பேர் வாங்கி ஆண்டுகள் ஆகிவிட்டன. 1970-ல் இங்கிலாந்து சென்றவர்கள் பிபிசிக்கு ஒரு பேட்டி கொடுத்தார்கள். ஊர் திரும்பியதும் தலைநகரில் ஓராண்டு மேடை கிடையாது. வெளியூர்களில் மட்டும் பாடலாம். அப்படிப்பட்ட நேரத்தில் அடுத்து என்ன எழுதுவது?

1971-ல் வந்த தொகுப்பில் அதற்கு அவர்கள் கண்ட விடை இருக்கிறது. ஐ.நா. 1948-ல் ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் வாசகங்களை எடுத்து இசையமைத்தார்கள். தொகுப்பை அமெரிக்கச் சிறையிலிருந்த கறுப்பினக் கம்யூனிஸ்ட் போராளி ஏஞ்சலா டேவிஸுக்குச் சமர்ப்பணம் செய்தார்கள். ஹங்கேரி ஐ.நா. உறுப்பு நாடு. அந்த வாசகத்தை எந்த அனுமதிக் குழு உறுப்பினர் எழுந்து மறுப்பார்? ஏஞ்சலா டேவிஸ் பெயரை எந்தக் கட்சிக்காரர் அடிப்பார்? புதிதாக ஒரு வரிகூட எழுதாமல், இருக்கும் வாசகத்தை வேறு இடத்தில் வைத்தாலே அது பேசும் என்பதற்கு இதைவிடத் துப்புரவான எடுத்துக்காட்டு அகப்படாது. பாட்டாகக் கேட்டால் கொஞ்சம் கனமாக இருக்கும். பிரகடனங்கள் பாடுவதற்காக எழுதப்படுபவை அல்ல.

ஐந்து சரணம், ஐந்து பொருள்

இனி அந்த ரோஜாப் பாட்டு. 'ஹ ஏன் ரோஜ வோல்னேக்', அதாவது 'நான் ரோஜாவானால்'. மெட்டும் வரியும் ப்ரோதி. கொன்ட்ஸ் ஜுஜாவின் 'யெல்பெஸேத்' (சைகை மொழி) தொகுப்பில் 1973-ல் வந்தது. தொகுப்போடு சேர்ந்து அதுவும் அகற்றப்பட்டது. தொகுப்பு மறுபடி அச்சாகப் பத்தாண்டு ஆயிற்று.

அமைப்பைப் பார்ப்போம். தலைப்பை அசை பிரியுங்கள்: ஹ, ஏன், ரோ, ஜ, வோல், நேக். ஆறு. அடுத்த அரையடியும் ஆறு. இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு அசை, நடுவில் ஒரு நிறுத்தம். இது ஹங்கேரியர்களின் ஊர்ச் சந்தம். 19-ஆம் நூற்றாண்டின் இரு பெரும் கதைப்பாட்டுகளான பெத்தோஃபியின் 'வீரன் யானோஷ்', அரன் யானோஷின் 'தோல்தி' இரண்டும் இதில்தான் ஓடுகின்றன. பள்ளிப் பிள்ளைக்கும் காதில் ஊறிய நடை. கிட்டாரோடு வரும் புதிய பாட்டு என்று யாரும் முகம் சுளிக்க இடமில்லை.

இயைபு இன்னும் சுவாரசியம். ஹங்கேரியம் நம் மொழி போல் விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும் மொழி. 'நான் இன்னது செய்வேனாக இருந்தால்' என்ற பொருள் தரும் விகுதி 'நேக்'. ரோஜாவானால், மலர்வேன், பூத்துக் குலுங்குவேன் எல்லாம் அதே ஒலியில் முடியும். விகுதி மட்டும் ஒத்து வருவதை அங்கே மட்டமான இயைபு என்பார்கள். படித்த கவிஞர்கள் தவிர்ப்பார்கள். ப்ரோதி தெரிந்தே அதை எடுத்தார். குழந்தைப் பாட்டும் நாட்டுப்பாட்டும் அப்படித்தான் முடியும். கேட்பவர் மனம் தற்காப்பைக் கழற்றி வைத்துவிடும்.

பொருளடுக்கு: ரோஜா, வாசல், ஜன்னல், தெரு, கொடி. முதலில் கையில் பிடிக்கும் பூ. ஆண்டுக்கு நான்கு முறை மலர்வேன் என்கிறது. பிறகு யார் அனுப்பினார் என்று கேட்காமல் எல்லோரையும் உள்ளே விடும் வாசல். உலகம் முழுவதும் தெரியும் அளவு பெரிய ஜன்னல். இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. நான்காவது தெரு. எப்போதும் சுத்தமாக இருப்பேன் என்று தொடங்கி, என் மேல் சங்கிலிச் சக்கரம் ஏறி மிதித்தால் அடியிலுள்ள மண்ணே அழுது சரியும் என்று முடிகிறது. சங்கிலிச் சக்கரம் என்றால் டாங்கி. 1956-ல் மக்கள் எழுச்சியை ஒடுக்க வந்த சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் தெருக்களில் ஓடியதை அந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஐந்தாவது கொடி: எல்லாக் காற்றுக்கும் பகையாக நிற்பேன், எந்தக் காற்றும் என்னை ஆட்ட விடமாட்டேன்.

கவனிக்க வேண்டியது வரிசை. கைக்குள் அடங்கும் பொருளிலிருந்து நாட்டின் சின்னம் வரை ஒவ்வொரு படியாக ஏறுகிறது. வீட்டுக்கு உள்ளே தொடங்கி, வாசல், ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வந்து, கொடிக் கம்பத்தில் நிற்கிறது. வெடிக்கும் வரி கடைசிச் சரணத்தில் இல்லை, கடைசிக்கு முந்தையதில் இருக்கிறது. கடைசியில் வைத்திருந்தால் பாட்டே அதற்காக எழுதப்பட்டது போலாகிவிடும். நான்காவதில் வைத்ததால் ஐந்தாவது சரணம் அதைத் தாண்டிப் போய், புகாரிலிருந்து உறுதிமொழிக்கு நகர்கிறது.

இப்படி எழுத முயல்கிறவர்கள் சறுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். முதல் சரணத்திலேயே கொடியை ஏற்றிவிடுவார்கள், ஏற இடமிருக்காது. அல்லது ஒவ்வொரு பொருளிலும் ஒரு குத்தல் வைப்பார்கள். வாசலும் ஜன்னலும் வாசலாகவும் ஜன்னலாகவும் இருந்தால்தான் தெரு நம்மைத் தாக்கும். ஐந்தில் ஒன்றுதான் சுமை ஏற்ற வேண்டும். மூன்றாவது தவறு பொருள் தேர்வு. கழுகு, சிங்கம், தீப்பந்தம் எல்லாம் வரும்போதே அர்த்தத்தைச் சுமந்துகொண்டு வருபவை. ஜன்னலுக்கு அந்தப் பாரம் இல்லை.

இதைத் தமிழில் கொண்டுவர முயல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நமக்கும் 'மலர்வேன், திறப்பேன், நிற்பேன்' என்று விகுதி இலவசமாக ஒத்து வரும்; இரண்டாவது வரியிலேயே சலித்துவிடும். தமிழ்க் காது ஒலி ஒப்புமையைத் தேடுவது வரியின் தலையில். எதுகையை முன்னால் கட்டிவிட்டு 'வேன்'களை மெதுவாக விழ விட்டால் மூலத்தின் எளிமைக்கு அருகில் போகலாம்.

பாட்டுக்கு நடுவே பேசுவது

1973-ல் மிஷ்கோல்ட்ஸ் நகரின் தியோஷ்ஜோர் விளையாட்டு அரங்கில் பெரிய பாப் திருவிழா. அமெரிக்காவின் புகழ்பெற்ற வுட்ஸ்டாக் இசைத் திருவிழாவை வைத்து, ஹங்கேரியின் வுட்ஸ்டாக் என்று பின்னாளில் பேர். மேடையில் பாட்டுகளுக்கிடையே ப்ரோதி காவல்துறையைக் கிண்டலாக ஏதோ சொன்னார். கிளர்ச்சியைத் தூண்டியதாக அவர் மேல் நடவடிக்கை தொடங்கியது.

எழுதிய வரி அனுமதிக் குழுவைத் தாண்டி முத்திரை வாங்கியது. சிக்கல் வந்தால் அனுமதித்தவரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். மேடைப் பேச்சுக்கு அந்தக் காப்பு இல்லை. வரியில் ரோஜாவும் ஜன்னலுமாக அத்தனை கணக்காக இருந்தவர், வாய்ப்பேச்சில் ஒரு வாக்கியத்தில் மாட்டினார். கண்காணிப்புள்ள ஊரில் மேடையேறுகிறவர்கள் பாட்டை விடப் பாட்டுகளுக்கு இடையிலான நிமிடங்களைத்தான் ஒத்திகை பார்க்க வேண்டும்.

அதே ஆண்டு இல்லேஷ் குழு கலைந்தது. 1974-ல் ஸொரேன்யி சகோதரர்கள், தோல்ச்வாய் லாஸ்லோ, மோரிட்ஸ் மிஹாய், நேமெத் ஒஸ்கார் ஆகியோரோடு ஃபோனோக்ராஃப். பத்தாண்டு நீடித்த குழு. அமெரிக்க நாட்டுப்புற ராக் சாயல், குரல்கள் சேர்ந்து பாடும் அடுக்கு. ப்ரோதி இங்கே பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்தார். மேசை போல் கிடத்தி, கம்பி மேல் உலோகத் துண்டை வழுக்கி, காலால் மிதிகளையும் முழங்காலால் நெம்புகோல்களையும் இயக்கிக் கம்பியின் சுருதியை ஏற்றியிறக்கும் கருவி. கை, கால், முழங்கால் மூன்றும் தனித்தனியே வேலை செய்ய வேண்டும். பாடிக்கொண்டே வாசிப்பது கடினம். முன்னால் நின்று பேசி மாட்டிக்கொண்டவர் உட்கார்ந்து வாசிக்கும் கருவிக்குப் பின்னால் போனதில் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு உண்டு.

பிறர் குரலுக்கு எழுதுவதும் தன் குரலுக்கு எழுதுவதும்

கொன்ட்ஸ் ஜுஜாவின் பாட்டுகளில் பெரும்பங்கு இவர் வரி. இருவரும் ஒரே ஆண்டு பிறந்தவர்கள். கூட்டு அரை நூற்றாண்டைத் தாண்டியது. ஜுஜாவின் குரலில் அலங்காரம் குறைவு, சொல் தெளிவு அதிகம். கேள்வி கேட்கும் வரிகளும் பட்டியல் போடும் வரிகளும் அந்தக் குரலில் நிற்கும். உருகி ஓடும் வரிகள் நிற்காது. எழுதுபவர் இதைக் கண்டுகொண்டால் பாடகரை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை.

ஹலாஸ் யுதித்துக்கு எழுதியவற்றில் பிறந்தநாள் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். 'மகிழ்ச்சியான' என்று பொருள்படும் 'போல்தோக்' ஈரசைச் சொல். அதை மூன்று முறை அடுக்கி, அதன் பின் 'பிறந்தநாள்' என்ற ஐந்தசைச் சொல். மூன்று சிறு தாவல், பிறகு ஒரு நீண்ட ஓட்டம். நான்கு வயதுப் பிள்ளை நீளச் சொல்லை விழுங்கினாலும் முதல் மூன்றைக் கத்திவிடும். கூட்டம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். குழந்தைப் பாட்டில் மழலையைப் போலச் செய்து எழுதுவது நம்மிடம் பெரிய நோய். ப்ரோதி பிள்ளைகளிடம் முழுச் சொற்களில்தான் பேசுகிறார்.

1980-ல் 'ஹங்கேரியன் ப்ளூஸ்' என்ற முதல் தனித் தொகுப்பு. வயது 34. ப்ரோதி பெரிய குரல்காரர் அல்ல, வீச்சு குறைவு. அதனால் தனக்கு எழுதும்போது மெட்டு பேச்சுக்கு அருகில் தங்கும், ஸ்தாயி அதிகம் ஏறாது, வரியின் கடைசிச் சொல் தாழ்ந்து விழும். பரவலாகப் பாடப்படும் அவருடைய பாட்டொன்று, பைசாவுக்குப் பெறாத நினைவுகள் தனக்கு எவ்வளவு விலையுயர்ந்தவை என்கிறது. மூலத்தில் பைசா இருக்கும் இடத்தில் ஃபில்லேர்; ஹங்கேரிய நாணயமான ஃபோரின்டின் நூறில் ஒரு பங்காக அன்று புழங்கிய காசு. மலிவு, விலை என்ற இரண்டே சொற்களின் உரசலில் பாட்டு முழுதும் ஓடிவிடுகிறது. உருவகத் தோரணம் எதுவும் இல்லை.

மன்னன் யார் பக்கம்

1982-ல் ஸொரேன்யியும் ப்ரோதியும் 'கொத்தனார் கெலெமென்' என்ற ராக் பாலடை மேடையேற்றினார்கள். சுவர் நிற்க வேண்டுமென்றால் ஒருத்தியைப் பலி கொடுக்க வேண்டும் என்ற பழங்கதை. அடுத்த ஆண்டு வந்தது தொடக்கத்தில் சொன்ன ராக் ஓபரா, 'இஷ்த்வான், மன்னன்'. அடிப்படை போல்டிஜார் மிக்லோஷின் நாடகம். படமாக்கியவர் கோல்தாய் காபோர். ஒலி முன்பே பதிவானது. அதனால் இஷ்த்வானாக மேடையில் நடித்தவர் ஒருவர், பாடியவர் வர்கா மிக்லோஷ். கோப்பானியாகப் பாடியவர் விகிடால் ஜூலா, சாமியாடி தோர்தாவாகத் தேயாக் பில் ஜூலா.

கதை 997-ஐ ஒட்டியது. குலத்தலைவர் கேஸா இறக்கிறார். கிறித்தவம் ஏற்ற மகன் இஷ்த்வான், மூத்த மகனுக்கே வாரிசுரிமை என்ற புது முறைப்படி நிற்கிறான். உறவினன் கோப்பானி, குலத்தில் வயதில் மூத்தவனுக்கே உரிமை, இறந்தவரின் விதவையும் அவனுக்கே என்ற பழைய முறைப்படி நிற்கிறான். வெஸ்ப்ரேம் அருகே போர். கோப்பானி கொல்லப்பட்டு உடல் நான்காக வெட்டப்படுகிறது.

ப்ரோதி செய்த முதல் காரியம், பாணர்கள் வாயில் ஒரு கேள்வியை வைத்தது: சொல், நீ யாரைத் தேர்ந்தெடுப்பாய்? விடையை எங்கும் எழுதவில்லை. கோப்பானிக்குக் கனமான ராக், தோர்தாவுக்கு அடித்தொண்டை ஓலம், கோப்பானியின் மகள் ரேகாவுக்கு நாட்டுப்புற மெட்டு (பாடியவர் ஷெபெஷ்சேன் மார்தா), தேவாலயத்தார் வரும்போது பழைய கிரகோரியத் தேவாலயப் பாட்டின் சாயல், இஷ்த்வானுக்கு இளகிய பாட்டு. இசை இப்படிப் பிரிந்துவிட்டதால் வரி யாரையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முழு வேகமும் கவர்ச்சியும் தோற்பவனுக்குக் கொடுக்கப்பட்டது. வெல்பவனுக்குச் சந்தேகமும் தனிமையும். ஒரு தராசுத் தட்டில் வரலாற்றின் தீர்ப்பு இருப்பதால் மற்றத் தட்டில் நல்ல பாட்டுகளை வைத்தார் என்று சொல்லலாம்.

கோப்பானியின் உடலை அடக்கம் செய்யக் கேட்டு ரேகா வருகிறாள். மறுத்து வெட்டச் சொல்லும் குரல் இஷ்த்வானின் தாய் ஷரோல்த்தினுடையது. அந்தக் கொடுமையை இஷ்த்வான் வாயில் வைத்திருந்தால் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்திருக்கும். பக்கம் மாறிக்கொண்டே இருக்கும் மூன்று பிரபுக்கள், ஷூர், ஷோல்த், பெஷெ, கேலிக்கு. இவர்கள் இல்லையென்றால் இரண்டு பெரிய குரல்களுக்கு நடுவே மூச்சுவிட இடமில்லை.

கூட்டம் இதை எப்படிப் படித்தது? 1956-க்குப் பின் சோவியத் துணையோடு ஆட்சிக்கு வந்து நாட்டை ஒருவாறு நிலைப்படுத்திய காதார் யானோஷ்தான் இஷ்த்வான், 1956 எழுச்சியின்போது பிரதமராக இருந்து பிறகு தூக்கிலிடப்பட்ட நாஜ் இம்ரெதான் கோப்பானி என்றார்கள் சிலர். தேசிய உணர்வுக்குக் கிடைத்த திறந்தவெளி என்றார்கள் சிலர். முடிவில் தேசிய கீதமே ஒலிக்கிறது. கட்சிக்கும் ஒத்துப்போகும் வாசிப்பு ஒன்று இருந்தது: கசந்தாலும் நடைமுறை வழிதான் நாட்டைக் காக்கும். இத்தனை பேரும் ஒரே இரவில் ஒரே வரிகளைக் கேட்டு, தங்களுடையது என்று எடுத்துக்கொண்டு போனார்கள். நடுக்கூடையில் இருபதாண்டு பழகிய கைதான் இதைச் செய்யும். 2013-ல் ஸெகெத் நகரில் இயக்குநர் அல்ஃபோல்தி ரோபெர்த் அதே பாட்டுகளை முற்றிலும் வேறு கோணத்தில் மேடையேற்றியபோது சண்டை மறுபடி தொடங்கியது.

கூடைகள் உடைந்த பிறகு

1990-ல் இல்லேஷ் குழு நேப்ஷ்டாடியோன் அரங்கில் மீண்டும் கூடிப் பாடியது. தணிக்கை போய்விட்டது. மறைபொருள் பாட்டுக்கு அது நல்ல செய்தியில்லை. எதையும் நேராகச் சொல்ல முடியும்போது ஜன்னல் வெறும் ஜன்னல்தான். ஸொரேன்யியின் அடுத்த பெரிய மேடைப் படைப்பான 'அத்திலா'வுக்கு வரியெழுதியவர்களில் லெஜாக் ஷாந்தோர் இருந்தார், ப்ரோதி இல்லை. இருவரின் அரசியலும் வெவ்வேறு திசையில் போயிருந்தது. ப்ரோதி கொன்ட்ஸ் ஜுஜாவுக்கு எழுதுவதையும் தனியாகக் கிட்டாரோடு பாடுவதையும் தொடர்ந்தார்.

2011-ல் வந்த 'இல்லேஷின் தேரில்' தொகுப்பில் 'இவர்களும் அவர்களேதான்' என்ற பொருளில் ஒரு பாட்டு. ஆள்வோரைப் பார்த்து, பழையவர்கள்தான் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று நேருக்கு நேர் சொல்லும். பெரிய சர்ச்சை. எழுத்துத் தொழிலாகப் பார்த்தால் அதை ரோஜாப் பாட்டுக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன். ரோஜாப் பாட்டைக் கேட்டவர் தானே பொருளை முடிக்க வேண்டியிருந்தது. இதில் முடிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆனால் 65 வயதில், மறைத்துப் பேசத் தேவையில்லாத காலத்தில் மறைத்துப் பேசிக்கொண்டிருந்தால் அது வெறும் பாணியாகிவிடும் என்பதையும் மறுக்க முடியாது.

கேட்கத் தொடங்க

பேரை அப்படியே தேடினால் தடுமாற்றம் வரும். ஹங்கேரிய எழுத்தில் 'எஸ்' தனியே வந்தால் ஒலி 'ஷ்'. 'எஸ்', 'இசட்' சேர்ந்து வந்தால்தான் 'ஸ்'. அதனால்தான் இல்லேஷ், ஆனால் ஸொரேன்யி. உயிரெழுத்துக்கு மேலுள்ள கோடு நெடிலுக்கு, அழுத்தத்துக்கு அல்ல. கோட்டைப் பார்த்து அங்கே அழுத்திப் படித்தால் சந்தம் முழுதும் தவறாகக் கேட்கும்.

முதலில் ரோஜாப் பாட்டை ஜுஜாவின் குரலில் கேளுங்கள், வரியைக் கையில் வைத்து ஆறு ஆறாக எண்ணிக்கொண்டே. பிறகு அதையே ப்ரோதி பாடிக் கேட்டால் மெட்டில் எது பாடகியுடையது, எது பாட்டினுடையது என்று பிரியும். அடுத்து 'இஷ்த்வான்' முழுவதும், ஒரே அமர்வில். தனிப் பாட்டுகளாகக் கேட்டால் அந்தக் கேள்வி காதில் விழாது. இல்லேஷ் தொகுப்புகளை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவற்றின் ஒலிப்பதிவு இன்றைய காதுக்கு மெலிவாக இருக்கும்.

ஹங்கேரிய இசைத்தட்டு உறையில் பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இரண்டு பெயர் இருந்தால், முதலாவது மெட்டு, இரண்டாவது வரி. ஒரே பெயர் இருந்தால் இரண்டும் அவரே.